இடைவேளை இல்லாத பட்ஜெட்: 2011 கூட்டத்தொடரும் விதி 331-ஜியும்

நாடாளுமன்றத்தின் 2011ஆம் ஆண்டு பட்ஜெட் கூட்டத்தொடர் பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. நடுவில் ஓர் இடைவேளை விட்டு, இரண்டு பகுதிகளாக ஏப்ரல் 21 வரை அதை நடத்துவதென்று முதலில் அட்டவணை வகுக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். மறுநாள், மார்ச் 1 அன்று, தேர்தல் ஆணையம் ஐந்து சட்டப்பேரவைகளுக்கான வாக்குப்பதிவு நாள்களை அறிவித்தது. தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி மூன்றுக்கும் ஏப்ரல் 13 என்றும், அசாமுக்கு ஏப்ரல் 4, 11 என்றும், மேற்கு வங்கத்துக்கு ஏப்ரல் 18 தொடங்கி மே 10 வரை ஆறு கட்டங்கள் என்றும் தேதிகள் வந்தன. கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி முழுவதும் பிரசாரக் காலத்தின் மேல் வந்து விழுந்தது.

விளைவாக, கூட்டத்தொடர் மார்ச் 25 அன்றே முடித்துக்கொள்ளப்பட்டது. இடைவேளை கைவிடப்பட்டது. அமைச்சகங்கள் தம் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைகளை, இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் ஆராய்ந்து அறிக்கை தந்த பின்னரே மக்களவை அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 331-ஜி நிறுத்திவைக்கப்பட்டு, குழுக்களின் அறிக்கை எதுவும் இல்லாமலேயே 2011-12ஆம் ஆண்டுக்கான செலவினங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. நிறைவேறிய பிறகு அதே கோரிக்கைகளைக் குழுக்கள் ஆராயலாம், அவற்றின் பரிந்துரைகள் அடுத்த ஆண்டுக்கான கோரிக்கைகளைத் தயாரிக்கையில் பயன்படட்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது.

இந்த விதி அதற்கு முன்பும் பின்பும் பலமுறை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மக்களவைத் தேர்தல் முடிந்து புதிய அவை கூடும் ஆண்டுகளில் குழுக்களே அமைக்கப்பட்டிருக்காது. அப்போது வேறு வழியில்லை. 2011இல் நிலைமை வேறு. பதினைந்தாவது மக்களவை தன் பதவிக்காலத்தின் நடுவில் இருந்தது. இருபத்துநான்கு குழுக்களும் தலைவர்களோடும் உறுப்பினர்களோடும் செயல்பட்டுக்கொண்டிருந்தன. போதாதது நாள்கள் மட்டுமே. ஆகவே நாள்களுக்குப் போட்டி வரும்போது நாடாளுமன்றம் எதை முதலில் விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

விதியின் அமைப்பு

1989 ஆகஸ்டில் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் வனம் ஆகியவற்றுக்கு மூன்று பொருள்வாரிக் குழுக்கள் அமைக்கப்பட்டதுதான் தொடக்கம். அந்த அனுபவத்தை வைத்து, சிவராஜ் பாட்டீல் மக்களவைத் தலைவராக இருந்த 1993இல், எல்லா அமைச்சகங்களையும் உள்ளடக்கும்படி 17 துறைசார் நிலைக்குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. 2004 ஜூலையில் அவற்றின் எண்ணிக்கை 24 ஆக உயர்ந்தது. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். 16 குழுக்கள் மக்களவைத் தலைவரின் கீழும், 8 குழுக்கள் மாநிலங்களவைத் தலைவரின் கீழும் இயங்குகின்றன. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 24 குழுக்களில் 744 இடங்கள். இரு அவைகளின் மொத்த உறுப்பினர்களில் அமைச்சர்களைக் கழித்தால் மிஞ்சுபவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். அதாவது அமைச்சராக இல்லாத ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஏதோ ஒரு குழுவில் நாற்காலி உண்டு. அவை கூடியிருக்கும்போதே குழுவும் அமரலாம் என்று மக்களவை விதி 265 அனுமதிக்கிறது. அவையில் வாக்கெடுப்புக்கு மணி அடித்தால், உறுப்பினர்கள் போய் வாக்களித்துவிட்டு வரும்வரை குழுவின் தலைவர் அமர்வை நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு குழுக்கள் ஒரு சட்டமுன்வடிவை நிதானமாக ஆராய்வதற்கு இந்த ஏற்பாடு போதும். இருபத்துநான்கும் ஒரே வாரங்களில் ஒரே வேலையைச் செய்யவேண்டி வந்தால் போதாது. குழு அறைகள் நிறைந்தால் அவை காலியாகும், அவை நிறைந்தால் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் என்னும் குறைந்தபட்ச வருகை வரம்பைத் தொடுவதே பாடாகிவிடும்.

இந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் விதி 331-ஜி எழுதப்பட்டது. நிதிநிலை அறிக்கை மீதான பொது விவாதம் முடிந்ததும் இரு அவைகளும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்திவைக்கப்பட வேண்டும். அந்தக் காலத்துக்குள் குழுக்கள் தத்தம் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை ஆராய வேண்டும். அதே காலத்துக்குள் அறிக்கை தர வேண்டும், கூடுதல் அவகாசம் கேட்கக் கூடாது. அறிக்கைகளின் ஒளியில் மக்களவை கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் தனி அறிக்கை வேண்டும் என்று ஐந்து கூறுகளாக அது அமைந்திருக்கிறது. மாநிலங்களவை விதிகளில் 272ஆவது விதி இதற்கு இணையானது. மானியக் கோரிக்கைகளுக்கு வாக்களிக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 113ஆவது பிரிவின்படி மக்களவைக்கு மட்டுமே உரியது. கூட்டுக்குழுவின் வழியாக மாநிலங்களவை உறுப்பினர்களும் செலவுக் கணக்கைத் துருவிக் கேட்கும் வாய்ப்பைப் பெறுகிறார்கள் என்பது இந்த விதியின் அதிகம் பேசப்படாத பயன்.

ஐந்து கூறுகளையும் மீண்டும் படித்தால் ஒரு சமனின்மை தெரியும். குழுக்கள் கூடுதல் அவகாசம் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. அவை எத்தனை நாள் ஒத்திவைக்கப்பட வேண்டும் என்பதற்குக் குறைந்தபட்ச வரம்பு ஏதும் இல்லை. குறிப்பிட்ட காலம் என்பது பத்து நாளாகவும் இருக்கலாம், ஐந்து வாரமாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்வது நடைமுறையில் அரசு வகுக்கும் கூட்டத்தொடர் அட்டவணைதான். அட்டவணையில் இடமில்லை என்றால் விதி 388 இருக்கிறது: மக்களவைத் தலைவரின் இசைவோடு எந்த உறுப்பினரும் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, அவையின் முன்னுள்ள ஒரு குறிப்பிட்ட பிரேரணைக்கு மட்டும் எந்த விதியையும் நிறுத்திவைக்கக் கோரலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். வழக்கத்தில் குரல் வாக்கெடுப்பே போதுமானதாகிவிடுகிறது. குழுவைக் கட்டுப்படுத்தும் கூறு உறுதியாகவும், குழுவுக்கு நேரம் தரும் கூறு நெகிழ்வாகவும் இருக்கும் ஒரு விதியின் கதி என்னவாகும் என்பதை 2011 காட்டியது.

இடைவேளையில் நடக்கும் வேலை

செய்தித்தாள்களில் இந்த வாரங்கள் நாடாளுமன்றத்துக்கு விடுமுறை என்று வருவதுண்டு. பலரும் அப்படியே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தின் குழு அறைகளுக்கு ஆண்டிலேயே நெருக்கமான காலம் இதுதான்.

நிதிநிலை அறிக்கை தாக்கலானதும் ஒவ்வோர் அமைச்சகமும் தன் விரிவான மானியக் கோரிக்கையை அனுப்புகிறது. குழுவின் செயலகம் அதைப் பிரித்துப் பார்த்துக் கேள்விப் பட்டியல் தயாரிக்கிறது. கேள்விகளில் பெரும்பாலானவை மூன்று எண் வரிசைகளைச் சுற்றியே அமையும்: சென்ற ஆண்டு தொடக்கத்தில் கேட்ட தொகை, நடுவில் திருத்திய தொகை, உண்மையில் செலவான தொகை. ஒரு திட்டத்துக்கு நூறு கோடி கேட்டு, திருத்திய மதிப்பீட்டில் அறுபதாகக் குறைத்து, ஆண்டு முடியும் தறுவாயில் முப்பதைத்தான் செலவிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே திட்டத்துக்கு இந்த ஆண்டு நூற்றிருபது கோடி எந்த அடிப்படையில் கேட்கப்படுகிறது என்று குழு கேட்கும். மாநிலங்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பவில்லை என்பது அடிக்கடி வரும் பதில். எந்தெந்த மாநிலம், எந்த ஆண்டிலிருந்து, நினைவூட்டல் எப்போது அனுப்பப்பட்டது என்று அடுத்த கேள்வி உடனே எழும்.

எழுத்துப்பூர்வப் பதில்கள் வந்த பிறகு வாய்மொழிச் சாட்சியம். அமைச்சர் அழைக்கப்படுவதில்லை. துறைச் செயலாளர், இணைச் செயலாளர்கள், நிதி ஆலோசகர் ஆகியோர் கோப்புகளோடு வந்து குழுவின் எதிரே அமர்கிறார்கள். தொலைக்காட்சிக் கேமரா கிடையாது. பார்வையாளர் மாடம் கிடையாது. முழக்கமிட்டுப் பெறக்கூடிய பலன் எதுவும் இல்லாததால் கட்சி வேறுபாடு பெரும்பாலும் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆளுங்கட்சி உறுப்பினரே செயலாளரை மடக்கிக் கேட்பது அங்கே இயல்பு. அதிகாரிகள் வெளியேறிய பின் உறுப்பினர்கள் தங்களுக்குள் கலந்து பேசுகிறார்கள். அங்கே பதில் சொல்ல முடியாமல்போன கேள்விகளுக்கு அமைச்சகம் பின்னர் எழுத்தில் விளக்கம் அனுப்ப வேண்டும். அதன் பிறகு வரைவறிக்கை, அதை ஏற்கும் அமர்வு, அவைகளின் மேசையில் வைத்தல். இரண்டு மூன்று அமைச்சகங்களைக் கவனிக்கும் ஒரு குழு இத்தனையையும் மூன்று வாரத்தில் முடிப்பதே இறுக்கமான வேலை.

இந்த அறிக்கைகளுக்கு எவ்வளவு வலிமை? விதி 331-என் அவற்றை இணங்கத் தூண்டும் மதிப்புள்ள, ஆழ்ந்து எண்ணித் தரப்பட்ட ஆலோசனையாகக் கொள்ளச் சொல்கிறது. அரசைக் கட்டுப்படுத்தும் ஆணையாக அவை ஆகா. கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுள்ள எதையும் அறிக்கையில் பரிந்துரைக்கக் கூடாது என்று வேறு தடை இருக்கிறது. ஆனாலும் பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கையை அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; அமலாக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று மக்களவைத் தலைவரின் 73-ஏ பணிப்புரை சொல்கிறது. எண்ணை மாற்றும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. எண்ணுக்குக் காரணம் கேட்கும் அதிகாரம் இருக்கிறது, அதுவும் அவை அந்த எண்ணுக்கு வாக்களிப்பதற்கு முன்பு.

2011இல் இழந்தது என்ன

கூட்டத்தொடரைச் சுருக்கியதற்கு அரசை மட்டும் குறை சொல்வது சரியாகாது. தேர்தலைச் சந்திக்கும் மாநிலங்களில் வேரூன்றிய கட்சிகள் ஆளும் கூட்டணியிலும் எதிர்வரிசையிலும் இருந்தன. திமுக, அதிமுக, இடதுசாரிகள், திரிணமூல் காங்கிரஸ் என யாருடைய உறுப்பினரும் ஏப்ரலில் டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நிலையில் இல்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில், அதுவும் தேர்தல் அறிவிப்பிலிருந்து ஆறே வாரத்தில் வாக்குப்பதிவு என்பதால் இங்குள்ள கட்சிகளுக்கு அவசரம் கூடுதல். ஏப்ரலில் கூட்டினாலும் அவையில் ஆள் இருக்காது என்ற வாதத்தை மறுப்பது கடினம்.

ஆனால் அந்த வாதம் கூட்டத்தொடரைச் சுருக்குவதற்கான நியாயமாக இருக்கலாமே தவிர, சுருக்கிய கூட்டத்தொடரிலிருந்து குழுக்களின் வேலையை மொத்தமாக அகற்றுவதற்கான நியாயமாக ஆகாது. அரசமைப்புச் சட்டத்தின் 116ஆவது பிரிவு வோட் ஆன் அக்கவுண்ட் எனப்படும் இடைக்காலச் செலவு அனுமதிக்கு வழி செய்திருக்கிறது. பிப்ரவரி கடைசி நாளில் நிதிநிலை அறிக்கை தாக்கலாகிய அந்தக் காலத்தில், இரண்டு மாதச் செலவுக்கு மட்டும் மார்ச்சில் அனுமதி வாங்கிக்கொண்டு, குழு அறிக்கைகள் வந்த பின் மே மாதத்துக்குள் முழு ஒப்புதல் பெறுவதே வழக்கமாக இருந்தது. வாக்கு எண்ணிக்கை மே 13 அன்று. அனுமதியை மேலும் ஒரு மாதம் நீட்டித்து, மே இறுதியில் அவையைக் கூட்டி, அறிக்கைகளோடு மானியக் கோரிக்கைகளை எடுத்துக்கொள்வது அரசமைப்பின்படி இயலாத காரியம் ஆகாது. நிர்வாகத்துக்குச் சிரமம், நிதி மசோதாவின் வரி மாற்றங்கள் தள்ளிப்போகும், உறுப்பினர்களை இன்னொரு முறை திரட்ட வேண்டும் என்பன மெய்யான தடைகள். அவற்றோடு ஒப்பிட்டபோது குழுக்களின் ஆய்வு இலேசாகத் தெரிந்தது என்பதே நடந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. அதற்கு முந்தைய 2010 குளிர்காலக் கூட்டத்தொடர், அலைக்கற்றை ஒதுக்கீட்டை விசாரிக்கக் கூட்டு நாடாளுமன்றக் குழு அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் ஏறத்தாழ முழுவதும் முடங்கிப்போனது. 2011 பிப்ரவரி 22 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அந்தக் குழுவை அமைக்க அரசு இசைவதாக மக்களவையில் அறிவித்தார். குழு விசாரணைக்காக ஒரு கூட்டத்தொடரையே பலிகொடுத்த அவை, சில வாரங்களில் தன் வழக்கமான குழுக்களின் விசாரணையை எதிர்ப்பின்றி விட்டுக்கொடுத்தது. அலைக்கற்றை பற்றிய குழுவுக்கு அரசியல் வெப்பம் இருந்தது. வேளாண் துறையின் செலவழியாத நிதி பற்றிக் கேட்கும் குழுவுக்கு அந்த வெப்பம் ஒருநாளும் இருந்ததில்லை.

நிறைவேறிய பின் ஆராயலாம் என்ற மாற்று ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரு வாதத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. பல குழுக்களின் அறிக்கைகள் அந்த ஆண்டு ஆகஸ்டில், மழைக்காலக் கூட்டத்தொடரில் வந்தன. நிதியமைச்சகம் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் துறைகளிடம் கேட்கத் தொடங்குவது அதன் பிறகுதான். ஆகவே எண்கள் அச்சாகி முடிந்த மார்ச்சில் வரும் பரிந்துரையைவிட, எண்கள் உருவாவதற்கு முந்தைய ஆகஸ்டில் வரும் பரிந்துரைக்குப் பயன் அதிகம் என்று சொல்ல இடமிருக்கிறது. மார்ச் அறிக்கைகளைப் பார்த்து அரசு ஒரு ரூபாயைக்கூட மாற்றுவதில்லை என்பதும் கிட்டத்தட்ட உண்மைதான்.

இருந்தும் இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் நடக்கும் ஆய்வில் செயலாளர் பதில் சொல்லும்போது, அவருடைய துறைக்கு இன்னும் பணம் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதம் அவையில் எழப்போகும் விவாதத்துக்கு அவர் கொடுக்கும் பதில்தான் மூலப்பொருள். வாக்கெடுப்புக்குப் பின் நடக்கும் ஆய்வில் பணம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது; கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது தெரியும். செலவு முடிந்த பிறகு கணக்கைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு தனியாக இருக்கிறது. நிலைக்குழுக்கள் ஏற்படுத்தப்பட்டதன் நோக்கமே செலவுக்கு முந்திய ஆய்வு. அந்த முந்திய நிலையைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது, தணிக்கை அறிக்கையின் துணையும் இல்லாத ஓர் அரைத் தணிக்கை.

ஒத்திவைப்பு என்றால் கூட்டத்தொடர் முடியவில்லை

இடைவேளை கிடைத்த ஆண்டுகளிலும் அதன் மேல் வேறு அழுத்தங்கள் வந்ததுண்டு. அவை ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலத்திலும் கூட்டத்தொடர் தொடர்வதாகவே சட்டம் கருதுகிறது. ஒத்திவைப்பு அவைத் தலைவரின் அதிகாரம். கூட்டத்தொடரை முடித்துவைப்பது 85ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் அதிகாரம். இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கையில் 123ஆவது பிரிவின் கீழ் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. குழுக்களின் வேலைக்காக விடப்படும் மூன்று, நான்கு வாரங்கள் இந்த வகையில் அரசின் கையைக் கட்டும் வாரங்களாகவும் ஆகிவிடுகின்றன.

2015இல் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் ஏப்ரல் முதல் வாரத்தில் காலாவதியாக இருந்தது. இடைவேளையின் நடுவே, மார்ச் 28 அன்று, மாநிலங்களவையின் கூட்டத்தொடர் மட்டும் முடித்துவைக்கப்பட்டது. இரு அவைகளில் ஒன்று கூட்டத்தொடரில் இல்லை என்றாலே போதுமென்பதால் மக்களவையைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று புதிய அவசரச் சட்டம் வந்தது. மக்களவை ஏப்ரல் 20 அன்று அதே கூட்டத்தொடரைத் தொடர்ந்தது. மாநிலங்களவை ஏப்ரல் 23 அன்று புதிய கூட்டத்தொடரைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் உத்தராகண்ட். 2016 மார்ச் 27 அன்று அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி அமலானது. ஏப்ரல் 1 முதல் அந்த மாநிலத்தின் செலவுக்கு அனுமதி வேண்டியிருந்தது. மார்ச் 17 முதல் ஏப்ரல் 24 வரை விடப்பட்டிருந்த இடைவேளையின் நடுவே மார்ச் 29 அன்று இரு அவைகளின் கூட்டத்தொடரும் முடித்துவைக்கப்பட்டு, 31ஆம் தேதி அவசரச் சட்டம் பிறந்தது.

இவ்விரு ஆண்டுகளிலும் குழுக்களின் வேலை நிற்கவில்லை. கூட்டத்தொடர் முடிவதால் மட்டும் குழுவின் முன்னுள்ள பணி காலாவதியாகாது என்று மக்களவை விதிகள் பாதுகாப்பளிக்கின்றன. 107ஆவது பிரிவின்படி நிலுவையிலிருந்த மசோதாக்களும் உயிரோடிருந்தன. நடைமுறையில் சேதம் இல்லை. எனினும் அவை தன் குழுக்களுக்காக ஒதுக்கிய காலத்தை, அவையைத் தவிர்த்துச் சட்டம் இயற்றும் காலமாக அரசு மாற்றிக்கொள்ள முடிந்தது என்பது, விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒரு விளைவு. 2016இன் இடைவேளை ஐந்து வாரத்துக்கு மேல் நீண்டதற்கும், அந்த ஆண்டு தமிழ்நாடு உள்ளிட்ட அதே ஐந்து சட்டப்பேரவைகளுக்கு மீண்டும் தேர்தல் வந்ததற்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2011இல் தேர்தல் இடைவேளையை விழுங்கியது என்றால், 2016இல் இடைவேளையே தேர்தலுக்கு இடம் கொடுத்தது.

2021: அதே நெருக்கடி, வேறு முடிவு

பத்தாண்டு கழித்து அதே ஐந்து சட்டப்பேரவைகள், அதே மாதங்கள். 2021 பிப்ரவரி 26 அன்று தேர்தல் ஆணையம் அட்டவணையை அறிவித்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று. பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 8 வரை நடக்க வேண்டியது, இம்முறையும் மார்ச் 25 அன்றே முடிந்தது. தேதிகூட மாறவில்லை. ஆனால் குழுக்களின் இடைவேளை முழுதாகக் கிடைத்தது. மாநிலங்களவை பிப்ரவரி 12 அன்றும் மக்களவை 13 அன்றும் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 8 அன்று மீண்டும் கூடின. குழுக்கள் மார்ச் மாதத்திலேயே அறிக்கைகளை வைத்தன.

விதி மாறவில்லை, நிதிநிலை அறிக்கையின் தேதி மாறியிருந்தது. 2017 முதல் அது பிப்ரவரி 1 அன்று தாக்கலாகிறது. ஏப்ரல் 1 முதலே துறைகள் முழு ஒதுக்கீட்டைச் செலவிடத் தொடங்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். இடைவேளையைக் காப்பது அதன் நோக்கங்களில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் பிப்ரவரி நடுப்பகுதிக்கு இடைவேளை முன்னகர்ந்ததால், தேர்தல் அறிவிப்பு வரும்போது குழுக்களின் வேலையில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வெட்டு விழுந்தது இரண்டாம் பகுதியின் மேல். கூட்டத்தொடர் கொரோனாவால் மார்ச் 23 அன்று அவசரமாக முடிக்கப்பட்ட 2020ஆம் ஆண்டிலும், குழுக்களின் பங்கு அதற்கு முன்பே நிறைவேறியிருந்ததற்கு இதுவே காரணம். விதிப் புத்தகம் செய்ய முடியாததை நாள்காட்டி செய்தது.

இந்த மாற்றத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கொள்ள முடியாது. இடைவேளை முன்னகர்ந்ததோடு, வோட் ஆன் அக்கவுண்ட் என்ற காற்றுத்துளையும் அடைபட்டுவிட்டது. இப்போது மார்ச் 31க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இரண்டாம் பகுதியில் அமளி வந்தால் விவாதத்துக்கு மிச்ச நாள் கிடையாது. 2018 மார்ச் 14 அன்று எல்லா மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி, கில்லட்டின் முறையில் ஒரே மூச்சில் நிறைவேறின. நிதி மசோதாவும் அன்றே நிறைவேறியது. 2023 மார்ச் 23 அன்று ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கான கோரிக்கைகள் அவ்வாறே போயின. இரண்டு ஆண்டுகளிலும் விதி 331-ஜியின் முதல் மூன்று கூறுகள் சொன்னபடி பின்பற்றப்பட்டன. அவை ஒத்திவைக்கப்பட்டது, குழுக்கள் கூடின, அறிக்கைகள் வந்தன. அறிக்கைகளின் ஒளியில் பரிசீலிக்க வேண்டும் என்ற நான்காம் கூறுதான் வெறும் எழுத்தாகப் போயிற்று, பரிசீலனை என்ற ஒன்றே நடக்கவில்லை என்பதால்.

மாநிலங்களோடு ஒப்பிடுகையில் கேரளம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அங்கே 1980 முதலே பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகள் அவற்றுக்கு அனுப்பப்படுகின்றன. குழுவின் தலைவராகத் துறை அமைச்சரே இருப்பது அந்த முறையின் பலவீனம். தமிழ்நாடு சட்டப்பேரவையில் துறைசார் நிலைக்குழு முறையே இல்லை. கொள்கை விளக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதத்தை அவையே நாள்கணக்கில் நடத்துகிறது. அதில் உறுப்பினர்கள் தொகுதிக் கோரிக்கைகளை வைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு செயலாளரை எதிரே அமரவைத்து, செலவழியாத தொகைக்குக் கணக்குக் கேட்க வழியில்லை.

எதைத் திருத்தலாம்

இந்த நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், விதியில் இரண்டு இடங்களில் கை வைத்தால் போதுமென்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, ஒத்திவைப்புக் காலத்துக்குக் குறைந்தபட்ச நாள்களை எழுதிவைப்பது. குழுக்கள் கூடுதல் அவகாசம் கேட்கக் கூடாது என்று கட்டளையிடும் விதி, குறைந்தபட்ச அவகாசத்தை உறுதிசெய்வதே முறை. மற்றொன்று, விதி 388ஐப் பயன்படுத்தி 331-ஜியை நிறுத்திவைக்கும் தீர்மானம் வரும்போது, இடைக்காலச் செலவு அனுமதியைக் கொண்டு சமாளிக்க முடியாமைக்கான காரணத்தை அரசு எழுத்தில் அவையின் மேசையில் வைக்கவேண்டும் என்ற நிபந்தனை. 2011இல் இப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தாலும் முடிவு மாறாமல் போயிருக்கலாம். காரணமாவது பதிவில் இருந்திருக்கும்.

மக்களவைத் தேர்தல் ஆண்டுகளின் சிக்கல் வேறு. 2019 ஜூலை 5 அன்று நிதிநிலை அறிக்கை வந்தது, குழுக்கள் செப்டம்பர் 13 அன்று அமைந்தன. 2024இல் ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கை, செப்டம்பர் 26 அன்று குழுக்கள். இரண்டு முறையும் செலவுக்கு ஒப்புதல் முடிந்த பிறகே குழுக்கள் பிறந்தன. 2019-20க்கான மானியக் கோரிக்கைகளை அந்த ஆண்டு டிசம்பரிலும், 2024-25க்கானவற்றை 2024 டிசம்பரிலும் ஆராய்ந்து அறிக்கை வைத்தன, அதாவது நிதியாண்டின் ஒன்பதாவது மாதத்தில். புதிய அவை கூடியதும் முப்பது நாளுக்குள் குழுக்களை அமைக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்ந்தால், அத்தகைய ஆண்டுகளிலும் ஜூலை நிதிநிலை அறிக்கைக்கு முன்பாகவோ, பொது விவாதம் முடிவதற்குள்ளாகவோ குழுக்கள் தயாராக இருக்கும். உறுப்பினர் பட்டியலைக் கட்சிகள் தாமதமாகத் தருவதே இப்போதைய தடைகளில் முக்கியமானது. கெடுவுக்குள் பெயர் தராத கட்சியின் இடங்களைக் காலியாக வைத்தே குழுவை அமைக்கலாம் என்று சபாநாயகருக்கு வெளிப்படையான அதிகாரம் கொடுத்தால், பட்டியல்கள் தாமாகவே விரைந்து வந்து சேரும்.